பிழிய முடியவில்லை என்று எழுதினேன்

நாலு வரி போதும் என்றாள் நிஷா. முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில், நான் இருந்த அதே பிரிவில் இப்போது வேலை பார்க்கிறவள் நிஷா. பிரிவு புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. ஸ்டோரைக் காலி செய்தபோது என் பழைய தட்டு கிடைத்ததாம். அதைத் துடைத்து, வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு வைக்கப் போகிறார்களாம். "ஸ்டெல்லா அக்கா, கீழ ஒட்டுறதுக்கு நாலு லைன் எழுதித் தாங்க. ஷார்ட்டா போதும் லா" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாள். என்னைக் கௌரவிப்பதாகத்தான் அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள்.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு மாலை போட்டுப் படம் மாட்டுவாங்களா நிஷா?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, உங்கள சொல்லல, ட்ரேய சொல்றேன்."

"நானும் ட்ரேயத்தான் சொல்றேன்."

புது மெஷின் வந்துவிட்டதாம். கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் கையின் எல்லாத் திருப்பங்களையும் அதுவே அளந்து திரையில் கோடு போட்டுக் காட்டிவிடுமாம். இனிமேல் தட்டு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் புரிந்தது. போனை வைத்த பிறகும் வெகுநேரம் கோபம் தணியவில்லை. அந்தத் தட்டுக்காக ஒரு தடவை என் வேலையே ஆட்டம் கண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. இது நாலு வரியில் அடங்காது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட், அதிலும் கைக்கு. எலும்பு முறிந்தும் நரம்பு அறுந்தும் எண்ணெயில் வெந்தும் வருகிற கைகளை மறுபடி சோறு பிசையவும் பொத்தான் மாட்டவும் வேலைக்குப் போகவும் பழக்குவது. காத்தோங்கில் இருந்த என் அத்தைக்கு இதை எத்தனை முறை விளக்கினாலும் ஏறவில்லை. மாதா கோயிலில் எல்லாரிடமும் "எங்க ஸ்டெல்லா நர்ஸா இருக்கா" என்றே சொல்லி வைத்திருந்தார். நோயாளிகளும் அப்படித்தான். நம் ஊரில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் என்றால் எல்லாருமே மிஸ்ஸிதான், நர்ஸம்மாதான்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்பின் பெயர், தசையின் பெயர், நரம்பின் பெயர், பரீட்சை, முடிந்தது. கை திரும்புவதற்கு அங்கே கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வார்த்தை: ரொட்டேஷன். உள்ளங்கை மேலே பார்க்கத் திருப்பினால் ஒரு ரொட்டேஷன், கீழே பார்க்கத் திருப்பினால் இன்னொன்று. வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, உலகத்தில் யாரும் வீட்டில் ரொட்டேஷன் செய்வதில்லை. சாவியை டர்ன் செய்கிறார்கள். ஜாம் பாட்டில் மூடியை ஸ்க்ரூ செய்கிறார்கள். நூலை வைண்ட் செய்கிறார்கள். ரப்பர் குழாயைக் காயிலாகச் சுருட்டுகிறார்கள். பரோட்டாக் கடையில் மாவை ட்வர்ல் செய்து வீசுகிறார்கள். இறுகிப்போன நட்டை ரென்ச் செய்கிறார்கள். ஈரத் துணியை ரிங் செய்கிறார்கள். விரலில் போடுகிற ரிங் இல்லை, பிழிவது. முன்னால் டபிள்யூ போட்டு எழுதுவார்கள்.

அந்த டபிள்யூ சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிழிவதற்கு, வெடுக்கென்று திருகுவதற்கு, நெளிவதற்கு, வலியில் புரள்வதற்கு என்று இங்கிலீஷில் உள்ள பல வார்த்தைகளுக்கு முன்னால் ஒரு டபிள்யூ வாயைத் திறக்காமல் நிற்கும். மணிக்கட்டு என்கிற ரிஸ்ட்டுக்கு முன்னாலும் அதேதான். நாமும் சளைத்தவர்கள் இல்லை. திருகு, முறுக்கு, பிழி, சுற்று, சுருட்டு, நெளி என்று வைத்திருக்கிறோம். இதில் ஒவ்வொன்றும் கைக்கு ஒவ்வொரு வேலை. ஒன்றைச் செய்ய முடிகிற கையால் இன்னொன்று முடியாமல் போகலாம். ஆஸ்பத்திரி மட்டும் எல்லாவற்றையும் ஒரே வார்த்தைக்குள் போட்டு மூடிவிட்டது.

தட்டு வந்தது ஒரு டாக்ஸி ஓட்டுநரால். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து, எங்களிடம் பயிற்சி முடித்தவர். எல்லா அளவும் சரியாக இருக்கிறது, போகலாம் என்று அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் கழிப்பறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ இடிக்கிறார்கள். உருண்டைக் கைப்பிடி. எல்லா அளவும் சரியாக இருந்த அந்தக் கையால் அதைத் திருப்ப முடியவில்லை. வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டிய திட்டில் நியாயம் இருந்தது. அன்றைக்கே சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடையில் அதே மாதிரி கைப்பிடி வாங்கிப் பலகையில் அடித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பூட்டும் சாவியும், நட்டும் போல்ட்டும், வீட்டிலிருந்த ஜாம் பாட்டில், நூல்கண்டு, ஒரு முழம் ரப்பர் குழாய், மேலே கைப்பிடியைத் திருகினால் மாவு இறங்குமே, அந்த மாதிரிப் பித்தளை முறுக்கு அச்சு. கடைசியாக ஒரு குட்மார்னிங் துண்டு, காப்பிக்கடை அங்கிள்மார் கழுத்தில் கிடக்கிற வெள்ளைத் துண்டு. கேண்டீனில் கேட்டு வாங்கிய பெரிய பிளாஸ்டிக் தட்டில் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்கான இங்கிலீஷ் வார்த்தையை எழுதி ஒட்டினேன். நோயாளி வந்தால் அளவு எடுத்து முடித்துவிட்டு, தட்டை முன்னால் தள்ளுவேன். உங்களால் எது முடியவில்லை என்று நீங்களே தொட்டுக் காட்டுங்கள் என்பேன்.

என் தலைவி மிஸ் கோவுக்கு அந்தத் தட்டு பிடிக்காது. "ஸ்டெல்லாவின் கிச்சன்" என்பார்.

மிஸ் கோவைப் பற்றிக் குறைவாகச் சொல்லிவிட்டால் அது அநியாயம். இன்றைக்கும் கை அளப்பதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. சின்ன உருவம், நகம் ஒட்ட வெட்டிய விரல்கள், சட்டைப் பையில் கோணம் அளக்கும் கருவி. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் அளக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு படிப்பு. கைப்பிடி இல்லாத நாற்காலியில் ஆளை உட்காரவைப்பார். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு மடித்த துணியைச் செருகுவார். துணி விழுந்தால் தோளைத் தூக்கி ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து. முஷ்டிக்குள் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வார். கருவியின் ஒரு கால் தரைக்குச் செங்குத்தாக, இன்னொரு கால் பென்சிலோடு. உள்ளங்கை மேலே, பிறகு கீழே. ஒரே அளவை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். முடிந்ததும் நோயாளியின் கையை அப்படியே விட்டுவிட மாட்டார். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது போல இரண்டு கையாலும் ஏந்தி அவர்களுடைய மடியிலேயே வைப்பார்.

அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. "கெனாட் மெஷர், கெனாட் ரைட்." அளக்க முடியாததை எழுதாதே. நாங்கள் எழுதுகிற ரிப்போர்ட் டாக்டரிடம் போகும், அங்கிருந்து முதலாளியிடம் போகும், சில சமயம் வக்கீலிடமும் போகும். எழுதியது நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கிற மாதிரி எழுதுவதற்காக ஒரு மனுஷியைக் கீழே தள்ளலாமா என்பதுதான் கேள்வி.

அந்த மனுஷி லெட்சுமி அக்கா. புக்கிட் பாஞ்சாங்கில் மகன் குமாரோடு இருந்தார். கிளமெண்டியில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் கிளீனர். சோப்புத் தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. லீவு கொடுத்து, கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்து, வேலைக்குப் போகச் சொன்னார்கள். போனார், ஒரே நாளில் திரும்பி வந்தார். மறுபடி லீவு. இப்படியே போய்க்கொண்டிருக்க, கிளீனிங் கம்பெனி மேனேஜருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கையில் ஒன்றும் இல்லை என்று எழுதினால் இத்தனை நாளும் பொய் சொல்லி லீவு எடுத்ததாக ஆகும், அப்புறம் வேலைக்கு வர வேண்டாம் என்று மற்ற கிளீனர்கள் எல்லாரும் நிற்கும்போதே சொல்லியிருக்கிறார்.

வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும், அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பொய்க்காரி என்ற பெயரோடு போவதைத்தான் தாங்க முடியவில்லை. போதாததற்கு மகனும் சேர்ந்துகொண்டான்.

"எக்ஸ்ரே க்ளியர்னு டாக்டரே சொல்றாரு. இது மனசுல இருக்கிற வலி லா, அம்மா" என்று என் முன்னாலேயே சொன்னான். நல்ல பையன்தான், கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. படித்த பிள்ளை, படித்தவர்கள் சொன்னதை நம்பினான்.

லெட்சுமி அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "மிஸ்ஸி, நான் என்ன ஷூட்டிங்கா நடத்திக்கிட்டு இருக்கேன்?" என்றார்.

மிஸ் கோ அளந்தார். துணி விழவில்லை, தோள் தூக்கவில்லை. இரண்டு பக்கமும் முழுத் திருப்பம். பிடியின் பலத்தை அளந்தபோதுதான் சிக்கல் வந்தது. ஒரு தடவை நன்றாகப் பிடித்தார், அடுத்த தடவை பாதிகூட இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு அர்த்தம் உண்டு: முழு முயற்சி எடுக்கவில்லை. அதாவது நடிக்கிறார். மிஸ் கோ முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையை மடியில் வைத்தார். "ரிப்போர்ட் நீ எழுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தட்டை எடுத்தேன். சாவி, சரி. கைப்பிடி, மெதுவாக, ஆனால் சரி. நூல் சுற்றுவது சரி. துண்டைக் குழாயில் நனைத்துக் கொடுத்தேன். தொழில்காரர் பிழிகிற மாதிரி, நீளவாக்கில் மடித்து, இரண்டு முஷ்டியிலும் பிடித்து, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் திருப்பினார். தண்ணீர் இறங்கத் தொடங்கிய நொடியில் முகம் வெளுத்தது. துண்டு கீழே விழுந்தது. வலியில் கத்தவில்லை. தரை ஈரமாகிவிட்டதே என்று உடனே குனிந்து இடது கையால் துடைத்தார்.

எதிர்ப்பக்கமாகப் பிழியச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, முஷ்டிகளை மாற்றித் திருப்பினார். தண்ணீர் கொட்டியது. வலிக்கவில்லை.

இங்கேதான் என் தொழில் மூளை வேலை செய்தது. துணி பிழிவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமாகவே பிழிவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. நடிக்கிறவருக்கு வலது கை வலிக்க வேண்டும் என்று தெரியும். எந்தப் பக்கம் திரும்பும்போது வலிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? அடுத்தடுத்த வருகைகளில் வேறு வேறு சாமான்களைக் கலந்து கொடுத்தேன். முறுக்கு அச்சை மாவு இறங்குகிற பக்கம் திருகினால் வலி, திருப்பித் திருகினால் இல்லை. இறுகின மூடியை ஒரு பக்கம் முடியவில்லை, மறுபக்கம் முடிகிறது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெவ்வேறு வரிசையில் கொடுத்தேன். ஒரு தடவைகூட மாறவில்லை. எல்லா முறையும் அதே பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே அதே இடம். பிடியின் பலம் ஏன் ஏறி இறங்கியது என்பதும் விளங்கியது. பிடிக்கும்போது மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து வலி வருகிறது.

ரிப்போர்ட்டில் ரொட்டேஷன் முழுமை என்று எழுதினேன். அதற்குக் கீழே, ஈரத் துணியை ஒரு பக்கமாகப் பிழிய முடியவில்லை, மறுபக்கமாக முடிகிறது, சோதித்த எல்லா முறையும் அப்படியே என்று எழுதினேன். மிஸ் கோ என்னை அறைக்குள் கூப்பிட்டார். பேசியது இங்கிலீஷில், தமிழில் தருகிறேன்.

"இது என்ன வார்த்தை?"

"ரிங், மிஸ் கோ. பிழிவது."

"அர்த்தம் எனக்குத் தெரியும். எத்தனை டிகிரி?"

"டிகிரி இல்லை. முடியவில்லை."

"ரொட்டேஷன் முழுமையாக இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது. எழுதியிருக்கிறேனே."

"அது போதும்." மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்து, பிழிய முடியவில்லை என்ற வரியின் மேல் நேராகக் கோடு போட்டார். அடிப்பதைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பார். நான் பேனாவை எடுத்து, அதற்குக் கீழே அதே வரியை மறுபடி எழுதினேன்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் அவர். "நாளைக்கு ஒரு வக்கீல் கேட்பான், ஸ்டெல்லா. துண்டு எவ்வளவு ஈரமாக இருந்தது? யார் அளந்தது? நீ என்ன பதில் சொல்வாய்?"

"ஒரு கிளீனர் தினமும் பிழிகிற அளவுக்கு ஈரமாக இருந்தது என்று சொல்வேன்."

"இது ஆஸ்பத்திரி. கிச்சன் இல்லை."

"அவருக்குக் காயம் பட்டது துடைக்கிற இடத்தில்தான், மிஸ் கோ. அவருடைய வேலையே பிழிவதுதான். பிழிய முடியுமா என்று பார்க்காமல் வேலைக்குப் போகலாம் என்று நாம் எப்படி எழுதுவது?"

இரண்டாவது வரியையும் ஸ்கேல் வைத்து அடித்தார். கையெழுத்துப் போடு என்றார். இப்படியே போனால் போட மாட்டேன் என்றேன். நீ போடாவிட்டால் நான் போட்டு அனுப்புவேன் என்றார். அனுப்புங்கள், ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள் என்றேன்.

தலைவியைத் தாண்டி டாக்டரிடம் போகக் கூடாது என்பது எங்கள் பிரிவில் எழுதாத சட்டம். அன்று லெட்சுமி அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "வாங்கக்கா, கீழ போவோம்" என்றேன். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் தண்ணீர்ப் பேசின். லிஃப்டில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கை சர்ஜன் ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பேசினை அவர் மேஜையில் வைத்தேன். தண்ணீர் தளும்பி அவர் காகிதங்களில் பட்டது.

"என்ன இது?" என்றார்.

"டாக்டர், ஒரு நிமிஷம் பாருங்கள். அப்புறம் என்னைத் திட்டுங்கள்."

லெட்சுமி அக்கா பிழிந்தார். ஒரு பக்கம் தண்ணீர் கொட்டியது. அடுத்த பக்கம் துண்டு விழுந்தது. டாக்டர் காப்பியை வைத்துவிட்டு அவர் கையை வாங்கி, சுண்டுவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அக்கா நாற்காலியோடு பின்னால் போனார். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். திரும்பிப் பார்த்தால் வாசலில் மிஸ் கோ நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அடுத்த டியூட்டி ரோஸ்டரில் கைப் பிரிவில் என் பெயர் இல்லை. முதியோர் வார்டுக்குப் போட்டிருந்தார்கள். முறை தவறினதற்கு எழுத்தில் எச்சரிக்கையும் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினால் சீக்கிரம் திரும்பலாம் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். என்ன தப்பு செய்தேன் என்று மன்னிப்புக் கேட்பது? எழுதவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு முதியோர் வார்டுக்குப் போனேன். அங்கேயும் கைகள் இருந்தன.

ஸ்கேனில் தெரிந்தது. மணிக்கட்டின் அந்த ஓரத்தில் முக்கோணமாக ஒரு குருத்தெலும்பு உண்டு, எக்ஸ்ரேயில் தெரியாது. அது கிழிந்திருந்தது. சும்மா திருப்பினால் ஒன்றும் செய்யாது, இறுக்கிப் பிடித்துப் பாரத்தோடு முறுக்கினால் உயிர் போகும். டாக்டர் விளக்கியபோது குமாரும் கூட இருந்தான். பிறகு லெட்சுமி அக்கா முதியோர் வார்டுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மிஸ்ஸி, இவன் முன்னாடி எனக்குத் தமிழ்ல சொல்லுங்க. டாக்டரு இங்கிலீஷ்ல சொன்னது எனக்கு அரைகுறையாத்தான் புரிஞ்சுச்சு. இவனுக்கு முழுசா புரிஞ்சிருக்கும், ஆனா எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான்."

சொன்னேன். எலும்பு முறியவில்லை, உள்ளே கிழிந்திருக்கிறது, அம்மா சொன்ன வலி அங்கேதான் இருக்கிறது என்றேன்.

குமார் தரையைப் பார்த்தான். "சாரி மா."

"மெஷின் சொன்னதும் நம்பிட்ட. உன்னப் பெத்தவ சொன்னப்ப நம்பல." அவர் சத்தம் போடவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். எத்தன தடவ புழியச் சொன்னீங்க? நான் பொய் சொல்றேனான்னு பாக்கத்தான?"

"முதல் நாளே நம்பிட்டேன்க்கா. மத்ததெல்லாம் அடுத்தவங்க வாய அடைக்க."

"அப்ப முதல் நாளே என்கிட்ட அதச் சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். அன்றிலிருந்து, நம்பினால் முதலில் அதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவேன். தொழில்முறை இல்லை என்றார்கள். சொல்லட்டும்.

ஆப்பரேஷன் முடிந்து கை தேறிய பிறகு கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. போனார், யூனிஃபார்மைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு. எல்லாக் கிளீனர்களும் இருக்கும்போது மேனேஜர் மேஜையில் அதை வைத்துவிட்டு, "இது உங்களுது, அந்தப் பொய்க்காரிங்கிற பேரும் உங்களுது, ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டார். எனக்கு இதைச் சொன்னது குமார்தான். சொல்லும்போது அவனுக்குப் பெருமையாக இருந்தது.

நான் கைப் பிரிவுக்குத் திரும்பியபோது மிஸ் கோ தட்டைப் பற்றியும் பேசவில்லை, அந்த ரிப்போர்ட்டைப் பற்றியும் பேசவில்லை. தான் ஓய்வு பெறுகிற நாளில் கேக் வெட்டிவிட்டு என்னிடம் வந்து, "உனக்கு அன்று அதிர்ஷ்டம் இருந்தது" என்றார். "அதிர்ஷ்டம் இல்லை, மிஸ் கோ. துண்டு இருந்தது" என்றேன். அவர் சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. கடைசிவரை அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும்தான்.

நிஷா போன் செய்ததற்கு அடுத்த வாரம் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் குட்மார்னிங் துண்டில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு புதுக் கட்டடத்துக்குப் போனேன். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்குப் போட்டு, முறுக்கு அச்சைப் புளி போட்டுத் தேய்த்து, துண்டை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட குட்மார்னிங் துண்டை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

நிஷா மெஷினைக் காட்டினாள். நல்ல மெஷின். மிஸ் கோ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கைப்பிடி, சாவி, ஸ்டியரிங் எல்லாம் மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். "துண்டு எங்க?" என்று கேட்டேன்.

"அக்கா, ஈரத் துண்டெல்லாம் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல்ல விடமாட்டாங்க லா. எல்லாரும் ஒரே துண்டப் பிடிச்சா எப்படி?"

"ஆளுக்கு ஒண்ணு குடு. அதுக்குத்தான் ஒரு கட்டு." அவள் மேஜையில் வைத்தேன்.

அவள் அந்தத் துண்டுக் கட்டின் மேல் கையை வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு ஆளைக் கண்ணால் காட்டினாள். உணவங்காடியில் தட்டுக் கழுவுகிறவராம். "மெஷின்ல எல்லாம் பச்சையா வருது. ஆனா வலிக்குதுங்கிறாரு. ஹெட் டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்றாங்க."

"நீ என்ன நினைக்கிற?"

"நான் நம்புறேன் அக்கா. ஆனா என்னன்னு எழுதுறது?"

வாசலுக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன், பூட்டியிருக்கவில்லை. இஸ்திரி போட்ட பழைய துண்டை எடுத்து வந்து, புதுக் கட்டின் மேல் வைத்தேன். நிஷா என்னைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். பிறகு மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு அந்த மனிதரிடம் போனாள். "அண்ணே, உங்களுக்கு வலிக்குதுன்னு நான் நம்புறேன். இப்ப ஒண்ணு செஞ்சு பாப்போம்" என்று அவள் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. அடுத்துக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்ட வேண்டியதை எழுதினேன். நாலு வரி கேட்டாள், மூன்றுதான் வந்தது.

இந்தத் தட்டில் ஒரு இடம் காலியாக இருக்கிறது.
துண்டு தொலைந்து போகவில்லை.
உள்ளே வேலை பார்க்கிறது.